சாய்வு திசையைச் சொல்லாது
'விமானத் தரவில் மைனஸ் 5/3 சாய்வு தெரிகிறது, ஆகவே வளிமண்டலத்தில் சின்னச் சுழல்களின் ஆற்றல் பெரியவற்றுக்கு ஏறுகிறது' என்று மேலே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இல்லைங்க. சுழல் சின்னதாகச் சின்னதாக அதிலுள்ள ஆற்றல் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதுதான் இந்தச் சாய்வு. பெரிய சுழல் உடைந்து சின்னதாகி, கடைசியில் பாகுத்தன்மையால் வெப்பமாகிற ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மகோரோவின் 1941 கணக்குக்கும் அதே சாய்வுதான், அமெரிக்க இயற்பியலாளர் கிரெய்ச்னன் 1967இல் இருபரிமாண ஓட்டத்துக்குச் சொன்ன மேல்நோக்கிய (சின்னதிலிருந்து பெரியதுக்கு) பாய்ச்சலுக்கும் அதேதான். அதை மட்டும் வைத்துத் திசையை எப்படிச் சொல்வது?

1985இல் நாஸ்ட்ராமும் கேஜும் விமானத் தரவிலிருந்து வெளியிட்ட நிறமாலையில் (சுழல் அளவுவாரியான ஆற்றல் வரைபடம்), சில நூறு கிலோமீட்டருக்குக் குறைவான அளவுகளில் இந்தச் சாய்வு தெரிந்தபோது, மேல்நோக்கித்தான் என்று பலரும் நம்பினார்கள், சரி. அப்புறம் லிண்ட்போர்க் போன்ற ஆய்வாளர்கள் இரு புள்ளிகளுக்கிடையிலான காற்றுவேக வேறுபாட்டின் மும்மடிச் சராசரியைக் கணக்கிட்டார்கள். திசையைக் காட்டுவது அதன் குறி. அடுக்குமண்டலத்தின் கீழ்ப்பகுதியில், சில பத்து கிலோமீட்டர் தூரங்களில் அது எதிர்க்குறி, அதாவது ஆற்றல் பெரிய சுழலிலிருந்து சின்னதுக்குத்தான் இறங்குகிறது.