அப்டேட் போட்டாங்க, கேட் தொறக்கல

தென்னாப்பிரிக்கா டர்பன்ல நாங்க இருக்கற காம்ப்ளெக்ஸ்ல கேட் இன்டர்காம இன்டர்நெட் ஃபோனோட சேர்த்துட்டாங்க, நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. போன வாரம் ராத்திரியோட ராத்திரியா ஃபோன் சர்வருக்கு புது வெர்ஷன் போட்டாங்க பாருங்க, அதுலேர்ந்து கேட்டுல நிக்கறவங்க பேசறது தெளிவா கேக்குது, ஆனா தொறக்கறதுக்கு ஃபோன்ல 9 அமுக்கினா கேட் அசையவே மாட்டேங்குது. சாட்ஸ்வொர்த்லேர்ந்து மாத்திரை கொண்டுவந்த பையன் மழையில நிக்கறான், முட்டி வலியோட அம்மா படி எறங்கிப் போய் தொறக்கறாங்க.

ஃபோன்காரன கேட்டா உங்க இன்டர்காம் பழசுங்கறான், இன்டர்காம்காரன் நாங்க எதையும் தொடலயேங்கறான். ரெண்டு பேருக்கும் நடுவுல நாம அல்லாடணும், எரிச்சலா வருது!

அந்த 9 அமுக்கறப்போ வர்ற டோன் குரலோட கலந்தும் போகலாம், ஆர்எஃப்சி 4733ங்கற இன்டர்நெட் தரநிலை சொல்ற மாதிரி தனி டேட்டா பாக்கெட்டாவும் போகலாம். புது வெர்ஷன் தனி பாக்கெட்டா மட்டும்தான் அனுப்புது, கேட்டுல இருக்கற பழைய இன்டர்காம் பெட்டிக்கு குரலோட வர்றது மட்டும்தான் புரியும். பழையபடி மாத்தினாலும் கோடெக், அதாவது குரல டேட்டாவா மாத்தற முறை, ஜி.711ஆ இருக்கணும், ஜி.729 மாதிரி சத்தத்த நசுக்கி அனுப்புறதுல டோன் சிதைஞ்சு போயிடும். இத கண்டுபிடிச்சு சொன்னதே எங்க மாமா பையன், கம்பெனி இல்ல.

அப்டேட்டே வேணாம்னு சொல்லல, பாதுகாப்பு ஓட்டைய அடைச்சுத்தான் ஆகணும். ஆனா எந்தெந்த மாடல் பெட்டியோட டெஸ்ட் பண்ணீங்க, என்ன செட்டிங் மாறுதுன்னு முன்கூட்டியே எழுதி அனுப்புங்க, ஒத்துவரலன்னா அன்னிக்கே பழைய வெர்ஷனுக்கு திரும்புங்க.