வேலியை வெட்டியவர்களுக்கு இத்தனை வக்கீல்களா?

வியாழக்கிழமை ராத்திரி முயல் வேட்டைக்கு வந்தவர்கள் எங்கள் தோட்டத்து வேலியை வெட்டி உள்ளே வந்ததையும், நான் போலீஸுக்குப் போனதையும் எல்லாரும் படித்திருப்பீர்கள். அதற்கு வந்த பதில்களில் பாதி, "ஒரு முயலுக்குப் போய் போலீஸா?"

முயலுக்காக இல்லைங்க. வேலிக் கம்பியை வெட்டியதற்காக. கேட்காமல் உள்ளே வந்ததற்காக. யாரென்று கேட்ட என் கண்ணிலேயே ஹெட்லைட்டை அடித்து, "நீங்க போய்ப் படுங்கண்ணா" என்று சொன்னதற்காக. என்ன மரியாதை பாருங்கள்!

பாரிவேட்டை, அதாவது ஊர் கூடிப் போகிற வேட்டை, நம் பாரம்பரியம் என்கிறார் ஒருவர். சரி, அந்தக் காலத்தில் ஊரே தாரை தப்பட்டையோடு பகலில் போனது. நடு ராத்திரி நம்பர் பிளேட்டில் துணி சுற்றிய பைக்கில் வருவது எந்தப் பாரம்பரியம்? பசிக்குப் பிடிக்கிறார்கள் என்று இன்னொருவர் உருகுகிறார். அந்த பைக்கின் விலை தெரியுமா அவருக்கு?

காட்டுப்பன்றித் தொல்லைக்கு இவர்கள் வந்தால் நல்லதுதானே என்கிறார்கள். பன்றியால் கடலைக்காய் போனவன்தான் நானும். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டி வருகிற பன்றியைச் சுட 2025 தொடக்கத்தில் அரசு வழி சொன்னது. ஆனால் சுட வேண்டியது வனத்துறை, பைக்கில் வருகிறவன் இல்லை.

பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயை, அதாவது தீனிக்குள் மறைத்து வைக்கிற வெடியைத்தான், போன வருடம் எங்கள் செவலை மாடு கடித்தது. தாடை பிளந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் போகும், வாயை வைக்கும், குடிக்க முடியாமல் திரும்பும். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அது செத்த பிறகு அம்மா மாடு வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். 2020இல் பாலக்காட்டில் கர்ப்பிணி யானை வெடியில் வாய் கிழிந்து செத்தபோது நாடே அழுதது. எங்கள் மாட்டுக்கு யார் அழுதார்கள்? வைத்தவன் யாரென்று எனக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும்.

"வேலியில் கரண்ட் விடு, எவன் வருவான்?" என்பதும் ஒரு யோசனை. நாளைக்கு மாடு மேய்க்கிற பையன் அதில் சிக்கினால் ஜெயிலுக்கு இந்த யோசனைக்காரரா போவார்?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பிடித்துவிட்டால் மட்டுமில்லை, பிடிக்க முயன்றாலே அது வேட்டை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நாளைக்கு என் வரப்பில் ஒரு மயில் செத்துக் கிடந்தால் வனத்துறை முதலில் கதவைத் தட்டுவது என் வீட்டில். அப்போது இந்தப் பாரம்பரியக்காரர்கள் ஒருவரும் கூட வரமாட்டார்கள்.

வந்தவன் வெளியூர்க்காரன் என்றால்கூட இவ்வளவு வலித்திருக்காது. எங்கே கம்பி தளர்வு, எந்தப் பக்கம் நாய் கட்டியிருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது உள்ளூர் ஆள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் வெள்ளாமை எடுத்தவர். நேற்று டீக்கடையில் என்னைப் பார்த்ததும் "என்னப்பா, ரொம்பப் பெரிய ஆளாயிட்டே" என்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள்.

புகார் கொடுத்தாயிற்று. வாபஸ் வாங்கச் சொல்லி யாரும் போன் பண்ண வேண்டாம், சொந்தக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.