முதலில் பிள்ளைகள் எழுதினதைக் காப்பாற்றுங்கள்

பள்ளிப் பிள்ளைகள் குறித்த விடைகளைத் தொலைத்த அந்த ஆன்லைன் தேர்வுக் கூத்துக்கு, தேர்வுத் தளத்தை விற்ற கம்பெனி விட்டிருக்கும் விளக்கத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தளத்தில் கோளாறே இல்லையாம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி போதவில்லையாம். பத்து மணிப் பரீட்சை. பத்தே நிமிடத்தில் திரை முழுக்க வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மறுபடி உள்ளே போன பிள்ளைகளுக்கு 'விடையளித்தவை: 0' என்று காட்டியது. ஆசிரியர் எந்தப் பயிற்சி எடுத்திருந்தால் அந்த விடைகள் திரும்பி வந்திருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நாளைக்கே போய்ச் சேர்கிறேன்.

தேர்வுத் தளத்துக்கு முதல் வேலை ஒன்றுதான். பிள்ளை குறித்த விடை தொலையக் கூடாது. கலர் கலராக வரைபடம், நிர்வாகத்துக்குப் புள்ளிவிவரங்களை ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டு, பெற்றோருக்கு வாழ்த்துச் செய்தி எல்லாம் அதற்கப்புறம்.

இது நடக்காத காரியமா? விடையைத் தொட்ட அந்த நொடியே முதலில் அந்த போனிலோ கணினியிலோ சேமிக்க வேண்டும். பிறகுதான் சர்வருக்கு அனுப்ப வேண்டும். நெட் இல்லையா, வரிசையில் வைத்துக்கொண்டு நெட் வந்ததும் அனுப்பு. ஒவ்வொரு அனுப்பலுக்கும் தனி எண் கொடுத்துவிட்டால், ஒரே விடை மூன்று முறை போனாலும் சர்வர் ஒன்றாகவே கணக்கு வைக்கும். 'சமர்ப்பி' என்பது, முடித்துவிட்டேன் என்று சொல்லும் வெறும் அடையாளமாக இருக்க வேண்டும். இவர்கள் தளத்திலோ மொத்த விடையும் அந்த ஒரு பட்டனை அழுத்தும்போதுதான் கிளம்புகிறது. 11.30க்கு நேரம் முடிகிறது, அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் தானாகச் சமர்ப்பிக்கிறது. சர்வர் படுக்காமல் என்ன செய்யும்?

இலவசமாகக் கிடைக்கும் மூடுல் (Moodle) என்ற ஆன்லைன் கற்பித்தல் தளத்தில் தேர்வு விடைகள் நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகச் சேமிக்கப்படுகின்றன. நாம் எதையும் மாற்ற வேண்டாம், அமைப்பே அப்படித்தான் வருகிறது. நேரம் முடிந்தால் தானாகச் சமர்ப்பிக்கவா, கொஞ்சம் சலுகை நேரம் தரவா, முடிக்காதவர்களை விட்டுவிடவா என்று ஆசிரியரே தேர்ந்தெடுக்கலாம். காசு கொடுத்து வாங்கியதில் இது இல்லை. ஆனால் லாகின் பக்கத்தில் பொம்மை ஆடுகிறது.

அடுத்தது காலை 10 மணி. சாதாரண வெப்சைட்டுக்கு ஆட்கள் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வருவார்கள். பரீட்சைக்கு எல்லோரும் ஒரே நிமிடத்தில் வாசலில் நிற்பார்கள், முகூர்த்த நாளில் மண்டப வாசல் மாதிரி. அதனால் கேள்வித்தாளைக் கால் மணி நேரம் முன்பே பூட்டிய நிலையில் இறக்கி வைத்துவிட்டு, பத்து மணிக்கு அந்தப் பூட்டைத் திறக்கும் ரகசியக் குறியீடான சாவியை மட்டும் அனுப்ப வேண்டும். சாவி நாலு வரிகூட இருக்காது. கேள்விப் படங்களைச் சுருக்காமல் ஒவ்வொன்றும் 3 எம்பி என்று ஏற்றிவிட்டு, பத்து மணிக்கு எல்லோரையும் ஒன்றாக இறக்கச் சொன்னால் எந்த நெட் தாங்கும்? கடிகாரத்துக்கும் சர்வர் நேரத்தைத்தான் நம்ப வேண்டும். பையன் போனில் நேரத்தைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளி வைத்தால் பரீட்சையும் பத்து நிமிடம் நீள்கிறது என்றால் அதற்குப் பெயர் தேர்வுத் தளமா?

"பெரிய பெரிய தேர்வே சொதப்புதே" என்பீர்கள். சொதப்பியதுதான். 2022 ஆகஸ்ட் 4 அன்று மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கியூட் நுழைவுத் தேர்வின் இரண்டாம் ஷிப்ட், கேள்வித்தாள் மையங்களுக்கு நேரத்துக்குப் போய்ச் சேராமல் ரத்தானது. ஆனால் அதற்காக மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்று பழி போட முடியுமா?

"காப்பி அடிப்பதைத் தடுக்கத்தான் இவ்வளவு கெடுபிடி" என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். நியாயம்தான், காப்பி நடக்கிறது. ஆனால் திரையை விட்டு மூன்று முறை வெளியே போனால் தானாகத் தேர்வை முடித்துவிடும் அந்த வசதி யாரைப் பிடித்தது? அப்பா போனில் எழுதும் பிள்ளைக்கு அப்பாவைத் தேடி ஒரு அழைப்பு வரும், பேங்க் ஓடிபி வரும், பேட்டரி குறைவு என்று ஒரு பெட்டி குதிக்கும். மூன்றும் வெளியே போன கணக்குதான். 2 ஜிபி ராம் போனில் அழைப்பு வந்தாலே பின்னால் ஓடும் பிரவுசரை ஆண்ட்ராய்டு மூடிவிடக்கூடும். பக்கத்தில் இன்னொரு போன் வைத்துப் பார்த்து எழுதியவன் திரையை விட்டு அசையவே இல்லை, அவன் நல்ல பிள்ளை. 2021-ல் அண்ணா பல்கலைக்கழக ஆன்லைன் தேர்வில் கண்காணிப்பு மென்பொருளின் சந்தேகத்தை நம்பி ஏகப்பட்ட பேர் முடிவுகளை நிறுத்தி வைத்து, கடைசியில் அரசு மறுதேர்வு அறிவிக்க வேண்டியதாயிற்று. மென்பொருள் சந்தேகத்தைச் சுட்டிக்காட்டட்டும். முடிவு செய்ய வேண்டியது ஆசிரியர், அதுவும் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

"பேசாமல் கூகுள் ஃபார்ம் போதுமே" என்பவர்களுக்கு: வாரத் தேர்வுக்குப் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக நேரம் ஓடும் கடிகாரம் அதில் கிடையாது. நகருங்கள்.

இப்போது ஆசிரியர் பக்கம் வருவோம். இதைப் பற்றி யாரும் எழுதவே இல்லை. கேள்விகளை ஏற்ற ஒரு எக்ஸெல் படிவம் கொடுத்திருக்கிறார்கள். ஐம்பது வரியில் ஒரு வரி தப்பென்றால் ஐம்பதையும் தள்ளிவிட்டு 'தவறான வடிவம்' என்று சிவப்பில் ஒரு வரி. எந்த வரி, எந்தக் கட்டம், என்ன தப்பு? சொல்லாது. சரியான 49-ஐ ஏற்றிக்கொண்டு, மீதி ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டத் தெரியாதா?

தமிழ் வாத்தியார்களின் பாடு இன்னும் மோசம். பல வருடக் கேள்வி வங்கி வானவில், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் கிடக்கிறது. ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாறச் சொல்லித் தமிழக அரசு 2010-லேயே சொல்லிவிட்டது. அப்படியிருக்க, மாற்றித் தரும் ஒரு பட்டனை வைக்க எத்தனை நாள் வேலை? யூனிகோடில் தட்டியவர்களும் தப்பவில்லை. சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாகச் சேமித்து எக்ஸெல்லில் திறந்தால் தமிழ் குப்பையாகும். கோப்பின் தொடக்கத்தில், இது யூனிகோடு எழுத்து என்று எக்ஸெல்லுக்குச் சொல்லும் யூடிஎஃப்-8 அடையாளத்தைச் சேர்க்காததுதான் காரணம். இது ஆசிரியர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா, கம்பெனி பார்த்துக்கொள்ள வேண்டியதா?

விடைகளைக் கலைத்துப் போடும் வசதி வேறு. 'மேற்கண்ட அனைத்தும் சரி' என்பது முதல் விடையாக வந்து நின்றது. மேலே என்ன இருக்கிறது, கேள்விதான் இருக்கிறது! எந்தக் கேள்விக்கு விடைகளைக் கலைக்க வேண்டாமோ, அதற்கு நிறுத்திவைக்க ஒரு டிக் பெட்டி போதும். விடைக்குறிப்பில் தப்பு வந்தால் ஒரே சொடுக்கில் எல்லோருக்கும் மறுமதிப்பீடு ஓட வேண்டும். இங்கே ஒவ்வொரு பிள்ளையாகத் திறந்து ஆசிரியர் கையால் மார்க் போட்டார். மாற்றுத்திறன் மாணவருக்கு விதிப்படி மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. அதைத் தனி ஒருவருக்குக் கொடுக்க இந்தத் தளத்தில் இடமே இல்லை. கேட்டால், எல்லோருக்கும் சேர்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்ததாம்.

இதையெல்லாம் செய்து பழகிய ஆட்களைத்தான் பயிற்சி போதாதவர்கள் என்கிறீர்கள். வருகைப்பதிவு போனில், மதிப்பெண் போனில், பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளப் பதிவு நள்ளிரவில், போட்டோ எடுத்து அனுப்புவது தனி. ராத்திரி நெட் கொஞ்சம் வேகமாக இருக்கும் என்று காத்திருந்து கேள்வி ஏற்றியவர்கள் இவர்கள். ஒரு நன்றி கூட வேண்டாம். பழியையாவது அவர்கள் தலையில் போடாமல் இருக்கலாம் அல்லவா?

கம்பெனிக்காரர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்கும்போது டெமோ பார்த்தவர்கள் நிர்வாகிகள், அவர்களுக்குக் காட்டியது டாஷ்போர்டு. கேள்வி ஏற்றுபவரையோ பரீட்சை எழுதுபவரையோ அந்த அறைக்குள் யாரும் கூப்பிடவில்லை.

மறுதேர்வு வைக்கப் போகிறார்களாம். வைக்கட்டும். அதற்கு முன்னால் அன்றைய 10 மணி முதல் 11.30 வரைக்கும் சர்வரில் என்னென்ன நடந்தது என்ற பதிவை வெளியிடுங்கள். பிறகு அதே எண்ணிக்கைப் பிள்ளைகளை வைத்து, அதே நேரத்தில், மார்க் இல்லாத ஒரு ஒத்திகை. நடுவில் ரவுட்டரைப் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துச் சொருக வேண்டும், விடைகள் அப்படியே இருக்கின்றனவா என்று பார்க்க. கேள்விகளையும் அந்த எக்ஸெல் படிவத்தில் கம்பெனிக்காரர்களே ஏற்றட்டும், தமிழ்த்தாள் உட்பட. ஆசிரியர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறோம்.