எழுதி வாங்க வந்த பேரன்

பேரன்: அப்பாயி, நீங்கள் நல்லா இருக்கும்போதே எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தேன்.

அப்பாயி: (முறத்தைக் கீழே வைத்துவிட்டு) யார் அனுப்பினது, உன் அப்பனா?

பேரன்: அப்பாவுக்கே தெரியாது, நானாகத்தான் பெங்களூரிலிருந்து கிளம்பி வந்தேன். அவர் என்றைக்கோ வாங்கியிருக்க வேண்டியது, விட்டுவிட்டார்.

அப்பாயி: அவன் எதையும் விட்ட மாதிரி எனக்கு ஞாபகம் இல்லையே கண்ணு.

பேரன்: உங்களுக்கு அப்புறம் யாருக்கும் இல்லாமல் போய்விடக் கூடாது, இல்லையா?

அப்பாயி: எங்கேயும் போகாது. பத்திரம் பீரோவில் இருக்கிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது, நானும் இங்கேதான் இருக்கிறேன்.

பேரன்: ஐயோ, பத்திரம் எதற்கு? நான் கேட்பது கொள்ளுப் பருப்பை.

அப்பாயி: கொள்ளுப் பருப்பை எவன்டா எழுதி வாங்குவான்? கிண்ணத்தில் வாங்கித் தின்ன வேண்டியதுதானே.

பேரன்: தின்பதற்கு இல்லை, செய்முறைக்கு. நம் குடும்பப் பாரம்பரியம் அப்பாயி. அளவெல்லாம் குறித்துக்கொண்டு, வீடியோவும் எடுத்து...

அப்பாயி: அளவா? மறுபடியும் அளக்க வந்துவிட்டீர்களா? 2018-ல் எட்டு வழிச்சாலை என்று சொல்லி அயோத்தியாப்பட்டணம் பக்கம் அளக்க வந்தவன்கூட கல்லை நட்டுவிட்டுச் சாயந்திரமே போய்விட்டான். நீ காலையிலிருந்து போனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நெடுக்கே நடக்கிறாய்.

பேரன்: அது லைட்டிங் பார்த்தேன். அளவை நீங்கள் சொல்லவே வேண்டாம், நானே எழுதிவிட்டேன். எல்லாம் கண்ணளவு, கைப்பக்குவம்.

அப்பாயி: எவன் சொன்னான்? ரெண்டு ஆழாக்கு கொள்ளு, பதினைந்து சின்ன வெங்காயம், நாலு வரமிளகாய், ரெண்டு ஸ்பூன் மல்லி, ஒரு ஸ்பூன் சீரகம், ஆறு பல் பூண்டு, ஒரு கொத்து கறிவேப்பிலை. ஆழாக்கு அரிசி டிரம்முக்குள் கிடக்கிறது, எடுத்துப் பார்த்துக்கொள். எட்டு ஆழாக்கு ஒரு படி, இதையும் எழுது.

பேரன்: அப்பாயி, கண்ணளவு என்று சொன்னால்தான் பார்க்கிறவர்களுக்கு ஒரு இது வரும்.

அப்பாயி: எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ரெண்டு வருஷம் ஆகிறது, எனக்கே ஒரு இதுவும் வரவில்லை. ஏழு பேருக்கு ஒரு சம்பளத்தில் பொங்கிப் போட்டவள் நான். கண்ணால் அளந்திருந்தால் 20-ஆம் தேதியே டப்பா காலி, மீதி பத்து நாளைக்கு உங்கள் எல்லாருக்கும் கைப்பக்குவத்தைத்தான் கரைத்து ஊற்றியிருக்க வேண்டும்.

(எழுதுகிறவன் குறுக்கே ஒரு வார்த்தை. 'எங்கள் பாட்டி எதையும் அளந்து போட்டதே இல்லை' என்று உருகுகிற ஆட்களை நிறையவே பார்த்துவிட்டேன். அளந்துதான் போட்டிருப்பார். உருகுகிறவர் அந்த நேரத்தில் கூடத்தில் உட்கார்ந்து, இன்னும் ஆகவில்லையா என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.)

பேரன்: சரி, எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

அப்பாயி: கல் பொறுக்கி, வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து, ராத்திரி ஊறப் போட்டு, காலையில் மலர வேகவைக்கணும். அந்தத் தண்ணீரை இறுத்து ரசத்துக்கு வைத்துவிட்டு, பருப்பை மட்டும் வதக்கின சாமானோடு கொரகொரவென்று ஆட்டி எடுத்துத் தாளிக்கணும்.

பேரன்: மலர வேக எத்தனை நிமிஷம்?

அப்பாயி: மலருகிற வரைக்கும்.

பேரன்: அதுதான் எத்தனை நிமிஷம்?

அப்பாயி: உன் அத்தை இதைக் கேட்டதே இல்லை. பக்கத்தில் நின்றாள், தெரிந்துகொண்டாள்.

பேரன்: போகட்டும். ஆட்டுவதை மட்டும் உரலில் ஆட்டுகிற மாதிரி எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாயி: நானே மிக்ஸியில்தான் ரெண்டு சுற்று விடுகிறேன். உரலா? உங்கள் பெங்களூர் வீட்டு வாசலில் துளசி வைத்திருக்கிறீர்களே, அது என்ன என்று நினைத்தாய்? என் உரல்தான். துளசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அங்கே போய் எடு உன் வீடியோவை.

பேரன்: (குரல் இறங்கி) அப்படியானால் அந்தக் கல்சட்டியையாவது கொடுங்கள். ஆன்லைனில் சேலம் கல்சட்டி என்று போட்டு என்ன விலைக்கு விற்கிறார்கள் தெரியுமா?

அப்பாயி: அதையே வாங்கிக்கொள். வாங்கியதும் அடுப்பில் ஏற்றிவிடாதே, விரிசல் விட்டுவிடும். மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவி, சூடான வடிகஞ்சியைத் தினமும் ஊற்றி வைத்து ஒரு வாரம் பழக்கணும். உனக்கு எத்தனை நாள் லீவு?

பேரன்: மூன்று நாள்.

அப்பாயி: சட்டிக்கே ஒரு வாரம் ஆகிறது.

பேரன்: உங்கள் சட்டிதான் ஏற்கனவே பழகினதாயிற்றே?

அப்பாயி: அதை உன் அத்தைக்குக் கொடுத்துவிட்டேன். பத்திரம், சாட்சி ஒன்றும் இல்லை. பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பேரன்: அத்தைக்கா? நம் வீட்டுச் சமையல் நம் வீட்டுச் சொத்து அப்பாயி, அது இன்னொரு வீட்டுக்குப் போகலாமா?

அப்பாயி: அட, சொத்தா? அப்படியானால் கேட்டுக்கொள். 89-ல் பொண்ணுக்கும் பங்கு உண்டு என்று மெட்ராஸில் சட்டம் போட்டார்கள், ஆனால் அதற்கு முன்னாடியே கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு இல்லை என்றார்கள். உன் அத்தைக்கு 87 தையில் கல்யாணம். அப்புறம் 2005-ல் டெல்லிக்காரன் எல்லாப் பொண்ணுக்கும் உண்டு என்று மாற்றினான், அதற்கு நாலு வருஷம் முந்தியே உன் அப்பனும் சித்தப்பனும் காட்டைப் பிரித்துப் பத்திரம் பதிந்துவிட்டார்கள். காடு என்றால் அது பையனுக்கு. அடுப்பு என்றால் மட்டும் மருமகள் கற்றுக்கொள்ளணும், மகள் கற்றுக்கொள்ளணும். உன் அப்பனுக்கு இன்று வரைக்கும் கொள்ளுக்கும் தட்டைப்பயறுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எங்கள் அம்மா சமையல் மாதிரி வராது என்பான். வராதுதான், எங்கிருந்து வரும்?

பேரன்: இதையெல்லாம் வீடியோவில் போட முடியாது அப்பாயி.

அப்பாயி: தெரியும். அதனால்தான் சொன்னேன்.

பேரன்: (போனைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, சற்று நேரம் கழித்து) அப்பாயி... எல்லாம் பிரித்தாகிவிட்டது என்றால், அந்தக் கிணற்றுமேட்டுக் காடு மட்டும் இன்னும் உங்கள் பேரில்தானே இருக்கிறது?

அப்பாயி: வந்துவிட்டது பார். கொள்ளுக்கு வந்தவன் காட்டுக்கு வந்துவிட்டான்.

பேரன்: ஐயோ, சும்மா தெரிந்துகொள்ளத்தான். மொத்தம் எவ்வளவு அளவு என்று...

அப்பாயி: அளவு சொல்கிறேன், எழுதிக்கொள். ரெண்டு ஆழாக்கு கொள்ளு.