பதினொரு மணிக்கு அவன் வருவான்

மௌனப் படம் என்றாலே சாப்ளினோடு நிறுத்திக்கொள்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 1927-இல் ஃபிராங்க் போர்சேகி இயக்கிய ‘செவன்த் ஹெவன்’ படத்தை ஒரு தடவை பாருங்கள்.

கதையைச் சொன்னால் “இவ்வளவுதானா?” என்பீர்கள். பாரிஸில் சாக்கடைக்குள் வேலை செய்கிறவன் சீக்கோ. அக்காவிடம் சவுக்கடி வாங்கியே ஒடுங்கிப்போனவள் டயான். போலீஸ் அவளைப் பிடித்துப் போகாமல் இருக்க, “இவள் என் மனைவி” என்று ஒரு பொய் சொல்லிவிடுகிறான். அந்தப் பொய்யே காதலாகிறது. அப்புறம் முதல் உலகப்போர் வந்து பிரிக்கிறது. அப்பட்டமான மெலோடிராமா, மறுக்கவில்லை.

ஆனால் அவன் அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போகும் காட்சியைப் பாருங்கள். ஏழாவது மாடி. கேமராவும் அவர்களோடு மாடி மாடியாக மேலே ஏறுகிறது. பாதாளத்தில் வேலை செய்கிறவன் குடியிருப்பது வானத்துக்குப் பக்கத்தில் என்பது அந்த ஏற்றத்திலேயே புரிந்துவிடுகிறது. அப்புறம் ஒரு இடத்தில் டயான் அவனுடைய கோட்டின் கையை எடுத்துத் தன் தோளைச் சுற்றிப் போட்டுக்கொள்வாள். வெறும் துணிதான். அவன் அணைப்பது போலவே கண்ணை மூடிச் சாய்ந்துகொள்வாள். இதை வசனமாக எழுதிப் பாருங்கள், எவ்வளவு மலிவாகிவிடும்! டயானாக நடித்த ஜேனட் கேனரின் முகம் போதும். சிறந்த நடிகைக்கான முதல் ஆஸ்கர் அவருக்குத்தான் போனது; இதையும் சேர்த்து மூன்று படங்களுக்காக.

போருக்குப் போகும்போது இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். தினமும் பதினொரு மணிக்கு, எங்கே இருந்தாலும், ஒருவரையொருவர் மனதில் கூப்பிட வேண்டும். அவன் செத்துவிட்டதாகச் செய்தி வருகிறது. ஆனால் பார்வை போன நிலையில், போர் முடிந்த கொண்டாட்டக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, அதே படிகளில் ஏறி வருகிறான்.

“இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. தினமும் அந்தப் பதினொரு மணியில் அவர்கள் பேசிக்கொண்டது நம் காதில் விழவில்லை. ஊமைப் படம், விழாது. அந்தக் குரலை இத்தனை நேரம் நாம்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். நாமும் சேர்ந்து கூப்பிட்டவன்தானே வருகிறான்? அவன் கை படிக்கட்டைத் தடவும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைத்துக்கொள்கிறது.