மச்சத்தைக் குறித்தார்கள், மாத்திரையைக் கேட்கவில்லை

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சார்பில் ரிமாண்ட் வழக்கறிஞராக, அதாவது கைதானவரை நடுவர் முன் நிறுத்தும்போது அவருக்காக நிற்கும் வழக்கறிஞராக, போய் நிற்கும் நாள்களில் எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு நிமிட நேரமும் ஒரு கட்டுக் காகிதமும்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலையில், டீக்கடை வாசலில் நின்றிருந்த சைக்கிளை எடுத்துச் சென்றதாக ஒருவரை நடுவர் முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 30 வயது இருக்கும். போலீசார் அடித்தார்களா, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நடுவர் கேட்டார். அவர் இல்லை என்று தலையை அசைத்தார். 15 நாள் காவல் என்று உத்தரவாயிற்று, வழிக்காவலர்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவருடைய அக்கா இரண்டு பேருந்து மாறி வந்து சேர்ந்தபோது நீதிமன்ற வளாகத்தில் விளக்குப் போட்டாகிவிட்டது. மஞ்சப்பையிலிருந்து, ரப்பர் பேண்டு போட்ட ஒரு நோட்டையும் பாதி தீர்ந்த மாத்திரை அட்டையையும் எடுத்து என்னிடம் நீட்டினார். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மாதந்தோறும் தேதி முத்திரை குத்தி மாத்திரை வாங்கிய நோட்டு அது. 7 ஆண்டுகளில் ஒரு மாதம்கூட விடுபடவில்லை. "வக்கீலம்மா, இந்த மாத்திரைய மட்டும் எப்படியாச்சும் அவன்கிட்ட சேத்துருங்கம்மா. ராத்திரி ஒண்ணு போட்டாத்தான் அவனுக்குத் தூக்கம்" என்றார்.

அந்த மாத்திரை அவரிடம் போய்ச் சேர 19 நாள்கள் ஆயின. வெளியிலிருந்து வரும் மருந்தை அப்படியே உள்ளே வாங்க விதி இல்லை, சிறை மருத்துவர் பார்த்து எழுத வேண்டும், அவர் எழுத மனநல மருத்துவர் பார்க்க வேண்டும், அதற்கு வேறு ஊருக்குக் கொண்டுபோக வழிக்காவல் கிடைக்க வேண்டும். இதற்கிடையில் காவல் நீட்டிப்புக்காகக் காணொலியில் அவரைக் காட்டியபோது, பெயர் சொல்லி அழைத்தும் அவர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அன்று வழக்குக் கட்டைப் புரட்டியபோது, அங்க அடையாளங்கள் என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன்: வலது தோளில் ஒரு கறுப்பு மச்சம், இடது முழங்காலுக்குக் கீழே ஒரு காயத் தழும்பு. சட்டையைக் கழற்றி மச்சத்தைத் தேடி எழுத நேரம் இருந்திருக்கிறது. "தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா?" என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். சிறைக்குள் வரும் மனநோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதியை ஆய்வாளர்கள் ஏற்கெனவே கண்டறிந்து எழுதி வைத்துவிட்டார்கள். அது சிறை வாசலில் உட்கார்ந்து பதிவேடு எழுதும் காவலரின் மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பெங்களூர் மத்தியச் சிறையில், அதே ஊரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் 5,024 சிறைவாசிகளிடம் நடத்திய ஆய்வு 2011-இல் அறிக்கையாக வெளிவந்தது. போதைப் பழக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 79.6 சதவீதம் பேருக்கு மருத்துவ ரீதியாகக் கண்டறியத்தக்க ஏதோ ஒரு சிக்கல் இருந்தது; போதையை முற்றிலும் விலக்கிப் பார்த்தாலும் 27.6 சதவீதம் பேருக்கு மனநோய் இருந்தது. நான்கில் ஒருவருக்கும் மேல். அடுத்த ஆண்டு, 24 நாடுகளின் ஆய்வுகளில் இடம்பெற்ற 33,588 சிறைவாசிகளின் தரவுகளைத் தொகுத்து, சீனா ஃபாசெல், கேத்தரின் சீவால்ட் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை வந்தது. ஆண்களில் 3.6 சதவீதம் பேருக்கு உளப்பிறழ்வு நோய் (இல்லாத குரல் கேட்பது போல, நிஜம் எது என்று பிரித்தறிய முடியாமல் போகும் நிலை), 10.2 சதவீதம் பேருக்குத் தீவிர மனச்சோர்வு என்றும், பெண்களிடம் இரண்டுமே இதைவிடக் கூடுதல் என்றும் அவர்கள் கண்டார்கள். இந்த எண்களைப் படிக்கும்போது இன்னொன்றையும் சேர்த்து நினைக்க வேண்டும். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அதாவது முக்கால் பங்குக்கும் மேலானவர்கள், குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள். ஆகவே நாம் பேசிக்கொண்டிருப்பது தண்டனை பெற்றவர்களைப் பற்றி மட்டும் அல்ல. நேற்றுவரை ஏதோ ஒரு வீட்டில் அக்காவோ அம்மாவோ எடுத்துக் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், இன்று இரவு அது இல்லாமல் படுக்கிறார் என்பதைப் பற்றி.

சட்டம் இதைக் கவனிக்காமல் விடவில்லை. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 103-ஆவது பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பகுதியில் மனநலச் சிகிச்சை நிலையம் அமைக்கப்பட வேண்டும் என்கிறது. சிறை மருத்துவர்களுக்கு அடிப்படை மனநலச் சிகிச்சையிலும் அவசரச் சிகிச்சையிலும் பயிற்சி தர வேண்டும் என்று 31-ஆவது பிரிவு சொல்கிறது. நல்லவைதான். ஆனால் அதே 103-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவைத் தயவுசெய்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். சிறை மருத்துவ அதிகாரி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையில் அவர் சான்றளிக்க வேண்டியது, சிறையில் மனநோய் உள்ள கைதி எவரும் இல்லை என்பதை. எத்தனை பேர் இருக்கிறார்கள், யாருக்கு என்ன சிகிச்சை நடக்கிறது என்பதை அல்ல. இல்லை என்று எழுதுவதே எதிர்பார்க்கப்படும் விடையாக இருக்கும் ஒரு படிவத்தில், இருக்கிறார்கள் என்று எழுதும் மருத்துவர் தனக்குத்தானே கேள்வி வரவழைத்துக்கொள்கிறார்; ஏனென்றால் அடுத்த உட்பிரிவின்படி, அந்தக் கைதியை ஏன் இன்னும் சிறையிலேயே வைத்திருக்கிறீர்கள் என்று வாரியம் கேட்கலாம். மனநோய் உள்ளவர் சிறையில் கிடந்து வாடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் இப்படி எழுதியிருப்பார்கள் என்று நம்புகிறேன். ஆனால் நான்கில் ஒருவர் என்று ஆய்வு சொல்லும் இடத்தில் ஒருவரும் இல்லை என்று சான்று கேட்டால், பார்க்காமல் இருப்பதுதான் சுலபமான வழியாகிவிடும். இந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தி, எண்ணிக்கையையும் சிகிச்சை விவரத்தையும் கேட்கும் அறிக்கையாக மாற்றினாலே நிலைமை பெரிதும் மாறும் என்பது என் உறுதியான கருத்து.

பார்க்காமல் விட்டால் எதுவரை போகும் என்பதற்கு அசாமின் மச்சாங் லாலுங் சாட்சி. 1951-இல், ஒருவரைக் கொடுங்காயப்படுத்தியதாகக் கைதாகி, மனநிலை சரியில்லை என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர். 1967-லேயே அவர் குணமடைந்துவிட்டதாகச் சான்று தரப்பட்டும் வெளியே வர முடியவில்லை. விசாரணையே நடக்காமல் 54 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்து, 2005-இல் ஒரு ரூபாய்ப் பிணையில் விடுதலையானபோது அவருக்கு வயது 77. அவருக்கு 3 லட்சம் ரூபாய் இழப்பீடும் மாதம் 1,000 ரூபாயும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலையில் இல்லாதவரை என்ன செய்ய வேண்டும் என்ற நடைமுறை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367-ஆவது பிரிவு முதலாகவும் இருக்கிறது. ஆனால் அந்த நடைமுறை தொடங்க வேண்டுமானால், முதலில் யாராவது ஒருவர் கவனித்து நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும்.

கவனிப்பதற்கு மனநல மருத்துவரே வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் ஹென்றி ஸ்டெட்மனும் அவருடைய குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஒரு சிறு வினாப்பட்டியலில் 8 கேள்விகள்தான் இருக்கின்றன. எல்லாமே ஆம், இல்லை என்று விடை சொல்லக் கூடியவை. சிறைக் காவலரே சில நிமிடங்களில் கேட்டு முடித்துவிடலாம். யாரோ உங்கள் எண்ணத்தைக் கட்டுப்படுத்துவதாகத் தோன்றுகிறதா, மனநலத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தது உண்டா, இப்போது மருந்து சாப்பிடுகிறீர்களா என்ற வகைக் கேள்விகள். விடையைப் பார்த்து நோய் இது என்று முடிவு செய்வது காவலரின் வேலை அல்ல. இவரை மருத்துவர் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று குறிப்பது மட்டுமே.

அதே நேரத்தில் அந்தப் பட்டியலை அப்படியே தமிழில் பெயர்த்து மேசையில் வைத்துவிடக் கூடாது என்றும் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரியவரிடம் போய், உங்கள் மனதை வேறு யாராவது ஆட்டுவிக்கிறார்களா என்று கேட்டால், ஆமாம், மாரியாத்தாதான் என்று பக்தியோடு சொல்வார். ஆடி மாதம் சாமியாடும் ஒருவர் இந்தக் கேள்விக்கு ஆம் என்றால் அது நோயின் அடையாளம் ஆகாது. மறுபுறம், உண்மையாகவே மிரட்டும் குரல் கேட்டுத் தவிப்பவர், சாமியை அவமதித்ததாகிவிடுமோ என்றோ, மென்டல் என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்றோ பயந்து இல்லை என்பார். தமிழில் எந்தச் சொல்லால் கேட்டால் உண்மையான பதில் வருகிறது, எந்தக் கேள்வி வீணாகிறது என்பதை நம் சிறைகளிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். 1794-இல் தொடங்கி இன்று கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மனநல மருத்துவமனையும், மனச்சிதைவு நோயை ஆராயும் சென்னையின் ஸ்கார்ஃப் போன்ற ஆய்வு அமைப்புகளும், சமூகப் பணித் துறை உள்ள பல்கலைக்கழகங்களும் கொண்ட மாநிலத்துக்கு இது பெரிய வேலை அல்ல. மாவட்டத்துக்கு ஒரு சிறையில் ஓராண்டு செய்து பார்த்தால் போதும்.

நண்பர்கள் இருவர், ஒருவர் காவல்துறையில் இருப்பவர், இதைச் சொன்னதும் கேட்டார்கள்: எல்லோரும் பைத்தியம்போல் நடித்துத் தப்பித்துவிட மாட்டார்களா? இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிவிடுவதால் வரும் கேள்வி இது. குற்றம் செய்த கணத்தில் சித்தசுவாதீனம் இல்லாதிருந்தார் என்ற வாதம் தனி. அதை நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில் இருக்கிறது, நீதிமன்றங்கள் அதை லேசில் ஏற்பதும் இல்லை. சிறைக்குள் வந்தவருக்கு மருந்து கொடுப்பது வேறு. அதனால் வழக்கு ஒரு நாள்கூடக் குறையாது, பிணை தானாகக் கிடைக்காது. பொதுமக்களின் பாதுகாப்பு என்று பார்த்தாலும் ஆய்வு இந்தப் பக்கம்தான் நிற்கிறது. ஸ்வீடனில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளிவந்த ஆய்வு, அவர்கள் உளப்பிறழ்வுக்கான மருந்தை எடுத்துக்கொண்டிருந்த காலங்களில் வன்முறைக் குற்றத்தில் மறுபடி ஈடுபடுவது, எடுக்காத காலங்களைவிட 42 சதவீதம் குறைவாக இருந்தது என்று கண்டது. மருந்து நிற்காமல் பார்த்துக்கொள்வது, அவர் வந்து குடியிருக்கப் போகும் தெருவுக்கும் நல்லது.

விடுதலையாகும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிணை உத்தரவு போய்ச் சேர்ந்து, சரிபார்ப்பு முடிந்து, மாலை ஆறு மணிக்குமேல் வெளியே வருபவரின் கையில் உடைமைகள் இருக்கும், மருந்துச் சீட்டு இருக்காது. நம் ஊரில் வீடும் குடும்பமும்தான் அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டிருக்கின்றன. ஆனால் குடும்பத்துக்குத் துணையாக ஓர் ஆள் வந்துபோனால் எவ்வளவு மாறும் என்பதையும் நாமே நிரூபித்திருக்கிறோம். 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளிகளின் வீட்டுக்கே போய் மருந்து, வேலை, குடும்பம் என எல்லாவற்றையும் பேசிக் கவனித்தார்கள். கோவா, மகாராஷ்டிரா, தமிழ்நாடு என மூன்று இடங்களில் 282 பேரிடம் நடந்த அந்தச் சோதனையில், பலன் கூடுதலாகத் தெரிந்தது மருத்துவமனை வசதி குறைந்த நம் காஞ்சிபுரம் பகுதிக் கிராமங்களில்தான். அப்படி ஒரு பணியாளரை மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு சிறைக்கும் இணைத்து, உள்ளே வரும் நாளிலும் வெளியே போகும் நாளிலும் அந்த ரப்பர் பேண்டு போட்ட நோட்டைக் கையில் வாங்கிப் பார்க்கச் சொன்னால் என்ன என்பதுதான் என் கேள்வி. கணினியில் எல்லோருடைய நோயையும் காவல்துறை பார்க்கும்படி இணைக்க வேண்டும் என்று சிலர் யோசனை சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். சிகிச்சை விவரத்தின் ரகசியம் மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்த உரிமை. நோட்டு நோயாளியின் கையிலோ குடும்பத்தின் கையிலோ இருக்கட்டும். கேட்டு வாங்கிப் பார்ப்பதுதான் வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்காமல் இப்போது நான் செய்வதைச் சக வழக்கறிஞர்களுக்காக எழுதுகிறேன். ரிமாண்டுக்கு நிற்கும் ஒவ்வொருவரிடமும், வழக்கைப் பற்றிக் கேட்பதற்கு முன், இரவில் ஏதாவது மாத்திரை போடுவீர்களா, கடைசியாக எப்போது போட்டீர்கள், நோட்டு யாரிடம் இருக்கிறது என்று மூன்று கேள்வி கேட்கிறேன். ஆம் என்றால் அரைப்பக்க மனு: மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட தேதி, எந்த மருத்துவமனை, குடும்பத்தில் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தைச் செல்பேசியில் படமெடுத்து அச்சிட்டு இணைத்துவிடுகிறேன். சிறை மருத்துவ அதிகாரி 24 மணி நேரத்துக்குள் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று காவல் உத்தரவிலேயே ஒரு வரி சேர்க்கும்படி நடுவரைக் கேட்கிறேன். இதுவரை எந்த நடுவரும் மறுத்ததில்லை. மனுவின் மாதிரி வேண்டும் என்பவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.