இந்த வியாழன் பி.டி. பீரியடைத் தரமாட்டேன்

ஜூன் 21, சர்வதேச யோகா தினம் வந்தால் எங்கள் பள்ளி மைதானத்தில் ஜமுக்காளம் விரிந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் தாடாசனம், விருட்சாசனம், போட்டோ. பேனர் முழுசாக விழுகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. உடற்கல்வி ஆசிரியன் வேறெதற்கு இருக்கிறேன்! 2015-இல் ஆரம்பித்தது, கொரோனா காலம் போக நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஜூன் 22 அன்று பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்வார். போர்ஷன் முடியவில்லையாம்.

போன வருஷம் காலாண்டுத் தேர்வு நேரம். ஒன்பதாம் வகுப்பைச் சவாசனத்தில் படுக்க வைத்தேன். நாலு பேர் சிரித்தார்கள், ஒருத்தன் குறட்டையே விட்டான். ஒரு பையனுக்கு மட்டும் கண்ணோரம் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கேட்டால், "ஒண்ணுமில்ல சார்." மூன்று நாள் கழித்து, பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது தானே பக்கத்தில் வந்து நின்றான். "அப்பா வீட்டுக்கே வரல சார், ஒரு மாசம் ஆச்சு." அதுவரை வகுப்பாசிரியருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். விடுகிற மூச்சை நீட்டினால் படபடப்பு அடங்குவதை நானே பரீட்சை ஹால் வாசலில் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். அப்பா வராத வீட்டுக்குப் பிராணாயாமம் என்ன செய்யும்?

பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை வைத்து மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது மூச்சிலும் இந்த நொடியிலும் மனசை நிறுத்திப் பழகும் பயிற்சியைச் சோதித்தார்கள். யோகாவுக்குப் பங்காளி முறை என்று வையுங்கள். 2022-இல் வந்த முடிவு: வழக்கமாக நடத்துவதைவிடக் கூடுதல் பலன் இல்லை. நிறையப் பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கவே இல்லையாம். எனக்கு ஆச்சரியமில்லை. கண்ணை மூடு என்று பிரம்போடு சொன்னால் எந்தப் பிள்ளை மூடும்? யோகாவுக்கு மார்க் போடலாம் என்று வேறு சிலர் கிளம்பியிருக்கிறார்கள். மார்க்கினால் வந்த வினைக்கு மார்க்கே மருந்தா?

இன்னொன்று. பெண் பிள்ளைகள் பையன்கள் முன்னால் படுக்கக் கூச்சப்படுவார்கள். பெஞ்சில் உட்கார்ந்தபடியே மூச்சுப் பயிற்சி செய்யலாம், ஒன்றும் குறைந்துவிடாது. மந்திரம் நான் சொல்லவைப்பதில்லை. எல்லா வீட்டுப் பிள்ளையும் இருக்கிற வகுப்பு.

ஸ்டோர் ரூம் கதவில் மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவிக்கான சைல்டுலைன் 1098 என்ற இரண்டு போன் நம்பரையும் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன். மட்டை எடுக்க வருகிறவன் கண்ணில் படட்டும்.

கணக்கு சார் வியாழன் பீரியடைக் கேட்டிருக்கிறார். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஹெச்.எம். கூப்பிட்டால்தான் தெரியும் என் வீரம்.